சத்தமில்லாமல் விழுந்தவள்

கை முறிந்தபோது நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம், நியாயமான காரணம் இருந்தது. காலை பத்தரை மணிக்கு, அப்போதுதான் துடைத்து முடித்திருந்த சமையலறைத் தரையில், காலுறை போட்ட கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்குள் ஏதோ இடம் மாறியது எனக்கே தெரிந்தது. ஆனால் பக்கத்து அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஃப்ரிட்ஜில் சாய்ந்து, அவர் எழுந்திருக்கும் நான்கு மணி வரை அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை மணி நேரம்.

எழுந்து வந்த அப்பா என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். எப்போது விழுந்தாய் என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர், இப்போது விழுந்த கை இப்படி வீங்காதே என்று சொல்லி, அப்பாவை ஒரு முறை முறைத்தார். பாவம், தூங்கியதைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை.

மாவுக்கட்டை ஏழு வாரம் கழற்றக் கூடாது. படிப்பதற்காகப் பள்ளியில் விடுமுறை விட்டிருந்தார்கள், பள்ளி இறுதித் தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. நான் கணக்கில் சுமார்தான், ஆனாலும் இந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. மாவு பிசையும் பெரிய இயந்திரம் அவர் பொறுப்பில். ஊர் தூங்கப் போகும்போது அவர் கிளம்புவார், ஊர் பல் தேய்க்கும்போது திரும்புவார். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு அறைக்கதவைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார். எங்கள் வீட்டில் மனிதர்கள் நாங்கள் இரண்டே பேர். அம்மா நான்கு வருடங்களுக்கு முன், எனக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது, ஆறு மாதம் படுக்கையில் இருந்து இறந்துபோனாள்.

அம்மா இறந்த வாரம் வந்து தங்கியிருந்த அத்தை, ஊருக்குக் கிளம்பும்போது என்னைப் பக்கத்தில் இழுத்து, இனிமேல் வீட்டுக்கு நீதான் பெரியவள், அப்பா தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள், தூக்கம் கெட்ட மனுஷன் மெஷினுக்குள் கையை விட்டுவிடுவான் என்று சொன்னாள். அத்தை எதையும் இரண்டு படி கூட்டித்தான் சொல்வாள். பதின்மூன்று வயதில் எனக்கு அந்த விவரம் தெரியாது. அப்பாவின் பத்து விரல்களும் என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டது என்றால் சாதாரணமாக இல்லை. விடுமுறை நாட்களில் குழாயை நூலளவு திறந்து, அடியில் துணி விரித்து வைப்பேன். நாற்காலியை இழுக்க மாட்டேன், தூக்கி வைப்பேன். கதவுக் கீல்களுக்கெல்லாம் மாதம் ஒரு முறை எண்ணெய். அழைப்பு மணியின் வயரை நானே பிடுங்கிவிட்டேன். தும்மல் வந்தால் ஓடிப்போய்த் தலையணைக்குள் தும்முவேன். அம்மா வீட்டிலேயே தையல் வேலை பார்த்தவள். அவளுடைய மெஷினைப் போர்வையால் மூடிச் சுவரோரம் தள்ளிவிட்டேன், பிறகு தொடவில்லை. குண்டூசி விழுந்தால் கேட்கும் வீடு என்பார்கள் இல்லையா, எங்கள் வீட்டில் குண்டூசியைக்கூட நான் விழ விட்டதில்லை.

இந்தப் பழக்கம் வாசல்படியோடு நிற்கவில்லை, என்னோடு பள்ளிக்கும் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில், அதுவும் பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காத பதில். இரண்டே மாதத்தில் வகுப்பில் எனக்கு ‘மியூட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, என் உண்மைப் பெயரைப் போலவே கூப்பிட்டார்கள். மியூட், அந்த நோட்டைக் கொடு. மியூட், தள்ளி உட்கார். எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வருத்தம் இருந்தது. மதிய இடைவேளையில் எல்லோரும் கூட்டமாக உட்கார்ந்து வம்பளக்கும்போது, நான் ஏதோ வேலை இருப்பதுபோல் பையைத் துழாவிக்கொண்டிருப்பேன். முழு இடைவேளையும் துழாவ ஒரு பையில் என்னதான் இருக்கும்?

படிப்பும் அப்படித்தான். மற்றவர்கள் வாய்விட்டுப் படிப்பார்கள், நான் எழுதிப் படிப்பேன். ஒரு பாடத்தை மூன்று முறை எழுதினால் அது கை வழியாக உள்ளே ஏறிவிடும். பரீட்சையில் பேனாவை வைத்தால் அதே வழியாக இறங்கி வந்துவிடும். நடுவில் வாய்க்கு வேலையே இல்லை. பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த காகிதங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை இருந்தது. பேனா சத்தம் போடாது என்பதால் அந்த வழியைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் கை கழுத்தில் தொங்கியது.

வகுப்பாசிரியை நல்லவர். அலைந்து திரிந்து எனக்கு ஒரு ஸ்க்ரைப் வைக்க அனுமதி வாங்கினார், அதாவது நான் சொல்லச் சொல்லப் பதில்களை எழுதும் ஆள். எனக்கு உதவி செய்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஆள் கீழ் வகுப்பிலிருந்துதான் வர வேண்டுமாம். கனத்த கண்ணாடி போட்ட ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மணி மணியான கையெழுத்து, என்னை அக்கா என்று கூப்பிட்டாள். பழகிக்கொள்வதற்காக ஒரு மணி நேரம் பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து எங்களை உட்கார வைத்தார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பதில் எனக்குத் தெரியும். எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். வாயைத் திறந்தால் முதல் இரண்டு சொற்கள் வருகின்றன, மூன்றாவது சொல்லுக்கு என் வலது கை கட்டுக்குள் துடிக்கிறது. “இதயத்தின் அறைகள்... வந்து... அந்த...” கண்ணாடிக்காரி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்று நான்கு முறை கேட்டாள். ஐந்தாவது முறை கேட்கக் கூச்சப்பட்டு, நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து என் வாயருகே காதை வைத்தாள். ஒரு மணி நேரத்தில் மூன்று பதில்கள்.

ஆசிரியை அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். உடல்நிலை காரணமாக இந்த ஆண்டுத் தேர்விலிருந்து விலகி அடுத்த ஆண்டு எழுதுகிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை இன்னொரு முறை உட்கார்ந்து பார்ப்போம், அன்றும் இப்படித்தான் என்றால் அப்பா கையெழுத்தோடு இதைக் கொடுத்துவிடு, தோற்பதைவிட அது மேல் என்றார். வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகு என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த ஆண்டு என்றால் அவருக்குப் பன்னிரண்டு மாதம், அவ்வளவுதான். எனக்கு அது இன்னொரு வருடம் முழுக்க அந்த வீடு. என்னோடு படித்தவர்கள் எல்லோரும் கல்லூரிக்கும் வேலைக்கும் வேறு ஊருக்கும் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் என்ற ஒரு சாக்கும் இருக்காது. சாத்திய கதவுக்கு வெளியே, காலுறை போட்டுக்கொண்டு, காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை, தினமும். அந்தப் படிவத்தைவிட எனக்கு அந்தப் பகல்கள்தான் பயமாக இருந்தன.

மறுநாள் காலை மேஜைமேல் அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் நேரம் குறைவு என்பதால் எங்கள் பேச்சுவார்த்தை பெரும்பாலும் சீட்டில்தான். பால் தீர்ந்துவிட்டது, குழாய் ரிப்பேர்காரர் ஐந்து மணிக்கு வருவார், இந்த மாதிரி. இந்தச் சீட்டில், ஆள் குறைவாக இருப்பதால் கொஞ்ச நாளைக்குப் பகல் ஷிப்டும் பார்க்க வேண்டியிருக்கிறது, நாலரைக்கு வந்து கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

வீடு காலி. சத்தமாகப் பேச இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும்? நடு அறையில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, இதயத்துக்கு நான்கு அறைகள் என்று சொன்னேன். அந்தக் குரல் யாருடையதோ போல் இருந்தது. சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. சாத்தியிருந்த அப்பாவின் அறைக்கதவை என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை என்று தெரியும், இருந்தும் அடுத்த வரி தானாகவே கிசுகிசுப்பாகத்தான் வந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், அதுதான் எனக்குத் துணையாக இருந்திருக்கிறது. இப்போது அதுவும் இல்லை. கையை உடைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற மகளைத் தனியாக விட்டுவிட்டு, ஓவர்டைம் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. கோபம் வந்தால் நான் செய்வதையே செய்தேன், சத்தமில்லாமல் பாத்திரம் கழுவினேன்.

வீடு உதவாது என்று ஆன பிறகு பஸ்ஸைப் பிடித்தேன். எங்கள் தெருவிலிருந்து ஊரின் மறுகோடிக்கு ஐம்பது நிமிட ஓட்டம், மாணவர் பாஸ் இருந்தது. கடைசி இருக்கையில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுவதுபோல் பாடத்தைச் சொல்வது என்று திட்டம். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்று நினைத்தேன். முதல் நாளே, கல்லீரல் என்ன செய்யும், பழுதானால் என்ன ஆகும் என்று நான் போனில் விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மாள் என் தோளைத் தொட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். எங்க அப்பாவுக்கு என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் இறங்கும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாலு வருடத்தில் யாரும் அப்படிப் பிடித்ததில்லை. அடுத்த நாளும் அவர் வருகிறாரா என்று பார்த்தேன், வரவில்லை.

பஸ்ஸில் கொஞ்சம் பேச்சு வந்தது. ஆனால் பாதியில் யாராவது திரும்பிப் பார்த்தால் போதும், குரல் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பத்து நாள் இப்படி ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அலைந்தேன். காதில் போனோடு அத்தனை நேரம் பேசினேனே, மறுமுனையில் ஒருவரும் இல்லை. அது தினமும் சாயங்காலம் இறங்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, ஒரு வரலாற்றுப் பதிலின் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். இனி முடியாது என்று தோன்றியது. படிவம் பையில்தான் இருந்தது. ரொட்டித் தொழிற்சாலை அந்த வழித்தடத்தின் கடைசி நிறுத்தம். சாயங்காலம் வரை காத்திருந்தால் மனசு மாறிவிடும், மாறி என்ன பிரயோஜனம், இப்போதே போய்க் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று இறங்கினேன்.

வாசலில் இருந்த காவலாளியிடம் அப்பாவின் வேலையைச் சொல்லி, பகல் ஷிப்டில் இருக்கிறார், பார்க்க வேண்டும் என்றேன். அவர் விழித்தார். மாவு மிக்ஸர்காரரா, அவருக்கு ஏது பகல் ஷிப்ட் என்றார். பிறகு என் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, நீதான் அந்தப் பெண்ணா, உள்ளே போ, மாவு ஸ்டோரில் தூங்குகிறார் என்று வழி காட்டினார்.

மாவு ஸ்டோர் என்பது இயந்திரக் கூடத்தை ஒட்டிய தடுப்பு. இடையில் கதவுகூடக் கிடையாது. மாவு பிசையும் இயந்திரம் ஓடும் ஓட்டத்தில் தரை அதிர்ந்தது, என் பற்கள் அதிர்ந்தன. பக்கத்தில் இருப்பவர்கள் சைகையில் பேசிக்கொண்டார்கள். அந்த இரைச்சலில், அடுக்கி வைத்த மாவு மூட்டைகளின் மேல், வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கால் மூட்டைக்கு வெளியே தொங்க, அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அவர் எழுந்து வரும்போது கண் சிவந்து, முகம் தொங்கிப்போயிருக்கும். இங்கே சின்னப் பிள்ளை மாதிரி கிடந்தார்.

அப்பா என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை. மூன்றாவது முறை, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அவர் துள்ளி எழுந்து உட்கார்ந்தார். என் குரலை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று நினைக்கிறேன், யாரையோ தேடுவதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

பின்பக்கம் லாரி நிற்கும் மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பேசினால் கேட்டது. பகல் ஷிப்ட் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். அவர் தலையில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். உன் டீச்சர் போன் செய்தார், வீட்டில் நீ வாய்விட்டுப் படிக்க வேண்டுமாம், நான் உள்ளே படுத்திருந்தால் நீ வாயைத் திறக்க மாட்டாய், அதனால்தான் என்றார். நான் பத்து நாளாகப் பஸ்ஸில் சுற்றிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். தட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினார்.

“இந்தச் சத்தத்துல எப்படிப்பா தூங்கறீங்க?”

தலையைக் குனிந்துகொண்டார். திருட்டுக் கொடுத்தவர் மாதிரி இல்லை, திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி.

“இங்கதான் எனக்குத் தூக்கம் வருது. உங்கம்மா பகல் பூரா தைச்சுக்கிட்டே இருப்பா, கதவைத் திறந்துபோட்டுத்தான் படுப்பேன். மெஷின் நின்னா முழிப்பு வந்துடும், என்னாச்சு இவளுக்குன்னு. அப்படியே பழகிப்போச்சு.” மூட்டைகள் இருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாலு வருஷமா அந்த வீட்டுல கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருக்கேன், அவ்வளவுதான். அந்த அமைதி இருக்கே, அதுல படுத்தா அவ இல்லைங்கறது மட்டும்தான் கேக்குது.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“எப்படிச் சொல்றது? நீ காலுறை போட்டுக்கிட்டு நடக்கறே. குழாய்க்கு அடியில துணி விரிக்கறே. எனக்காக ஒரு பொண்ணு தும்மக்கூட மாட்டேங்கறா. அவகிட்டப் போயி, இதெல்லாம் வேணாம், இதாலதான் எனக்குத் தூக்கமே வரலைன்னு எப்படிம்மா சொல்லுவேன்?”

அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். நாலு வருடத் தும்மல். நாலு வருடப் பேச்சு. அழைப்பு மணியைப் பிடுங்கியதால் வராமலே போன சிநேகிதிகள். தரையில் உட்கார்ந்து கடித்துக்கொண்ட உதடு. நான் கல்லாகக் காவல் காத்தது ஒரு தூக்கத்தை என்று நினைத்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் விழித்துக்கொண்டு தனியாக, இந்தப் பக்கம் நான் விழித்துக்கொண்டு தனியாக. நடுவில் இருந்த கதவில் எண்ணெய் போட்ட கீல். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும், அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு பேருக்கும் துப்பில்லை.

படிவத்தை எடுத்து அவர் மடியில் போட்டேன். நிதானமாகப் படித்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் விரல் நின்றது.

“உனக்கு எழுதணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு.”

“எழுதணும்பா. இன்னொரு வருஷம் அந்த வீட்டுல என்னால இப்படி இருக்க முடியாது.”

கத்திவிட்டேன் போலிருக்கிறது. லாரியில் ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அப்பா படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குப் போகலாம், தூக்கம் பாதியில் நிற்கிறது என்றார்.

அன்று அவர் அறைக்கதவைச் சாத்தவில்லை. நான் நடு அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இழுத்தேன், தூக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேருமே கொஞ்சம் பயந்துபோனோம். புரட்சிக்கான காரணங்கள் ஆறு என்று ஆரம்பித்தேன். திக்கினேன், திரும்ப ஆரம்பித்தேன். நான்காவது காரணத்தில் உள்ளே குறட்டை கேட்டது. நான் நிறுத்தினேன். குறட்டையும் நின்றது. கட்டில் அசைந்தது. “ம், அப்புறம்?” என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்.

அதற்குப் பிறகு என் பாடு திண்டாட்டம். நிறுத்தினால் அவர் விழித்துக்கொள்வார். அதனால் நிறுத்தாமல் சொல்ல வேண்டும். மறந்துபோன இடத்தில் கேள்வியையே திரும்பச் சொல்வேன், கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சொல்வேன், ஒன்றும் தோன்றாவிட்டால் பொருளடக்கத்தை வாசிப்பேன். மற்ற பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லி மிரட்டும் அப்பா அம்மா இருந்தார்கள். எனக்கு வாய்த்தவர் தூங்கியே வேலை வாங்கினார். தனிமை தீர்ந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கேட்கிறவர் தூங்கிவிட்ட பிறகு, ஒரு காலி அறையைப் பார்த்து மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பது தனிமை இல்லாமல் வேறென்ன? ஆனால் அதற்கு இப்போது ஒரு குரல் இருந்தது.

வெள்ளிக்கிழமை எட்டுப் பதில்கள். கண்ணாடிக்காரி நாற்காலியை நகர்த்தவில்லை. ஆசிரியை படிவத்தைக் கேட்கவில்லை.

தேர்வு நாளில் எங்களுக்குத் தனி அறை. விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையை ஒழித்து ஒரு மேஜை போட்டிருந்தார்கள். நான், கண்ணாடிக்காரி, வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த கண்காணிப்பாளர் ஒருவர். வயதான மனிதர், எங்கிருந்தோ விடியற்காலையில் கிளம்பி வந்திருப்பார் போல. முதல் அரை மணி நேரம் நன்றாகப் போனது. இரண்டாவது பெரிய கேள்விக்கு வந்தபோது அவர் தலை மெல்லச் சாய்ந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

என் குரல் இறங்கிவிட்டது. நான் இறக்கவில்லை, அதுவாகவே இறங்கியது. மூன்று வாரப் பழக்கத்தை நாலு வருடப் பழக்கம் ஒரே தள்ளில் கீழே தள்ளிவிட்டது. நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது. கண்ணாடிக்காரியின் பேனா நின்றுவிட்டது.

“அக்கா, கேக்கல.”

திரும்பச் சொன்னேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள், கடிகாரத்தைப் பார்த்தாள். எழுதும்போது அவளிடம் வேறு எதுவும் பேசக் கூடாது, அவளும் பேசக் கூடாது. தூங்கும் மனிதரைப் பார்த்தேன். அவருடைய விரல்கள் பத்தையும் எண்ணினேன், பைத்தியக்காரத்தனம்தான். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். கட்டுக்குள் கை அரித்தது. இங்கே வாயை மூடினால் திரும்பிப் போவது அந்தப் பகல்களுக்குத்தான் என்று தெரிந்தது. இந்த ஆள் யார்? இவர் தூக்கத்தை என்னிடம் யார் ஒப்படைத்தது? யோசித்துப் பார்த்தால், அப்பாகூட ஒரு நாளும் என்னிடம் சத்தம் போடாதே என்று சொன்னதில்லை.

மூச்சை இழுத்து, இரண்டாவது கேள்வி, பதில், புதிய பத்தி என்றேன். அறை அதிர்ந்தது போல் இருந்தது. கண்காணிப்பாளர் திடுக்கிட்டு விழித்தார். கண்ணைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாகச் சொல்லம்மா என்றார்.

“முடியாது சார்” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, அடுத்த வரியை அதே குரலில் சொன்னேன். கண்ணாடிக்காரி குனிந்து எழுத ஆரம்பித்தாள். அவள் சிரிப்பை அடக்குவது தோளில் தெரிந்தது. கூடுதலாகக் கொடுத்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்து, மணி அடிக்கும் வரை நான் நிறுத்தவே இல்லை. கடைசிக் கேள்வியையும் முடித்துவிட்டோம்.

வெளியே வந்து கண்ணாடிக்காரிக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தொண்டை அடியோடு கட்டிப்போயிருந்தது. நாலு வருடத்தில் எனக்குத் தொண்டை கட்டியதே கிடையாது.

வீட்டுக்குப் போனபோது மணி இரண்டரை. தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய அப்பா, நான் தினமும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்டார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது, சிரிப்பா வேறு ஏதாவதா என்று சொல்லத் தெரியவில்லை. சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

நான் வெந்நீரைக் குடித்தேன். வீடு பழையபடி அமைதியாக ஆகத் தொடங்கியது. அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, நேற்று ராத்திரி மாவில் உப்புப் போட மறந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பிறகு இயந்திரத்தைப் பற்றி. பிறகு, முதல் முறையாக, அம்மாவின் கடைசி வாரத்தைப் பற்றி. தட்டுத் தடுமாறி, பாதியில் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, பேசிப் பழகாதவர் பேசுவதுபோல் பேசினார். எனக்குக் கேட்க ஆயிரம் கேள்விகள் இருந்தன. ம் கொட்டக்கூடக் குரல் இல்லாமல், அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.